எங்கள் வரிசைக்கு விழுந்த மழைக்காலம்

என் மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழவேற்காட்டில் மீனை விற்றுவிட்டுத் திரும்பும்போது தபால்காரர் என் கையிலேயே கொடுத்தார். காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, படகு புறப்படும் வரை அதன்மேல் உட்கார்ந்து படித்தேன். மெட்ராஸில் பாட்டரி வேலையை நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், சாப்பாடுதான் வாயில் வைக்க முடியவில்லை, மீன் குழம்பில் புளியே இல்லை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதுவரை எனக்குச் சந்தோஷம்தான். உன் குழம்பு மாதிரி வராது அம்மா என்று இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம், போகட்டும். கடைசி நாலு வரியில்தான் என் தலையில் கல்லைப் போட்டாய். கல்யாணத்துக்கு மறுநாள் ஊர்க்கூட்டத்தில் உன்னைத் தனித் தலைக்கட்டாகச் சேர்ப்பார்கள், எந்த வீட்டுப் பெயரில் சேர்ப்பது என்று கேட்பார்கள், அத்தை தன் வீட்டோடு வந்துவிடச் சொல்கிறாள், "நீ எந்த வீட்டைச் சொல்கிறாயோ அதையே சொல்லிவிடுகிறேன் அம்மா" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கே போனாலும் தராசைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற பிள்ளை நீ. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தராசை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாய்.

பதிலை உடனே எழுத எனக்கு மனசில்லை. முதலில் என் ஆத்திரத்தை எல்லாம் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

நான் பொறாமைக்காரி. குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும், நானும் மறைத்ததில்லை. நான் பிறந்த ஆரம்பாக்கத்தில் பஸ் உண்டு, ரயில் உண்டு, எங்கள் தெரு முனையில் கரண்ட் பல்பு உண்டு. அந்தப் பல்புக்குக் கீழே உட்கார்ந்துதான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அங்கிருந்து உன் நைனாவுக்குக் கழுத்தை நீட்டி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கிற இந்த மணல்திட்டுக்கு வந்தேன். பொழுது சாய்ந்தால் சிம்னி விளக்கு, காற்றடித்தால் அதுவும் இல்லை. வந்த முதல் வாரமே உன் நைனா வலையிலிருந்து எடுத்த மீனில் நல்ல மடவையாகப் பார்த்து ஒரு கூறு பிரித்து வைத்தார். எனக்குத்தான் என்று முந்தானையை விரித்தேன். "இது தங்கச்சிக்கு" என்று சொல்லிக்கொண்டே, உன் அத்தை தேசம்மா அப்போது இருந்த தாய் வீட்டுக்கு நடந்தார். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கல்யாணம் ஆன பிறகும் முதல் கூறு அவளுக்குத்தான். அவள் மகள் மல்லிகா கைக்குழந்தையாக இருந்தபோது அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனான். அதற்குப் பிறகு முதல் கூறைப் பற்றி நான் வாய் திறக்கவே வழியில்லாமல் போயிற்று. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் பொறாமைப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் பட்டேன்.

பிறகு கண்ணாடி வந்தது. உனக்குப் பத்தொன்பது வயது. சர்க்கார் ஆபீஸ்காரர்கள் இரண்டு படகில் வந்து, அம்மன் கோயில் பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு இரும்புக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் நீலக் கண்ணாடிப் பலகைகளைத் தெற்குப் பார்த்துச் சாய்த்துப் பொருத்தினார்கள். கீழே மரப்பெட்டியில் பாட்டரி. வெயில் கண்ணாடியில் பட்டால் கரண்ட் ஆகிறது, அதைப் பாட்டரி வாங்கி வைத்துக்கொண்டு இருட்டியதும் லைட்டுக்குக் கொடுக்கிறது என்று வந்த ஆபீசர் சொன்னபோது கிழவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், ஆரம்பாக்கத்திலிருந்து கம்பி இழுக்க வேண்டாம், நம் தலைமேல் காய்கிற வெயிலே போதும் என்றார். கண்ணாடியைப் பார்த்துக்கொள்ள எழுதப் படிக்கத் தெரிந்த பையன் வேண்டும் என்றதும் எல்லோரும் உன்னைக் காட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை ஒரு வாரம் இருந்தது.

ஏன் ஒரு வாரம் என்று கேள். உப்புக் காற்றில் கண்ணாடிமேல் ராத்திரியெல்லாம் உப்பு படிகிறது, விடிந்ததும் துடைக்காவிட்டால் கரண்ட் குறையும் என்றாய். ஏரித் தண்ணீரில் கழுவினால் மறுபடியும் உப்புத்தானே என்று, நான் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பிய குடத்தில் கை வைத்தாய். நாங்கள் குடிக்கிற நல்ல தண்ணீர் அது. உன் தங்கை தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கேட்டாலே அளந்து ஊற்றுவேன். நீயோ தினமும் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு போய், என் பழைய புடவையின் மெத்தென்ற பக்கமாகக் கிழித்து, அதை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி கண்ணாடிக்குத் துடைத்தாய். ஒருநாள் யாரோ அதன்மேல் இறாலைக் காயப் போட்டுவிட்டார்கள் என்று குப்பம் முழுக்க ஒவ்வொரு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தாய். எனக்காக நீ யாரிடமும் அப்படிச் சண்டை போட்டதில்லை. ஒரு கண்ணாடிப் பலகையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மொத்தம் மூன்று டியூப்லைட்டு கொடுத்தார்கள். ஒன்று கோயிலுக்கு, ஒன்று படகு வந்து சேருகிற துறைக்கு. அந்த இரண்டிலும் தகராறு இல்லை. மூன்றாவது எங்கே என்பதில்தான் குப்பமே இரண்டுபட்டது. நம் வீடுகள் நாலு வரிசை, லைட்டு ஒன்று. ஆபீசர் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் மாட்டச் சொன்னார். சாயங்காலம் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு நம் பெரியவர்கள் அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். நாட்டாமை சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஐயா, ஏரி எவன் அப்பன் வூட்டு சொத்தும் இல்ல. அதனாலதான் எந்த எடத்துல எவன் எப்ப வலை கட்டறதுனு பாடு வச்சிக்கினு கீறோம். சீட்டு போட்டு முறை எடுப்போம். வெயிலும் எவன் சொத்தும் இல்ல. இதுக்கும் பாடுதான்." ஆபீசர் தலையைச் சொறிந்துகொண்டே சரி என்றார். வரிசைக்கு மூன்று மாதம் என்று முடிவாயிற்று. நம் வரிசையில் கம்பி வந்து எட்டுகிற இடம் நம் வாசல். எதிர் வரிசையில் எட்டுகிற இடம், வேறு யார் வாசல், தேசம்மா வாசல்.

சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டே நம் வரிசை. நான் குலவை போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வெல்லம் வாங்கி நாலு வரிசைக்கும் கொடுத்தேன். தேசம்மா கையில் வைக்கும்போது கொஞ்சம் பெரிய துண்டாகவே வைத்தேன். அடுத்த சீட்டு அவள் வரிசை. நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அவளுக்குத் தை, மாசி, பங்குனி. அந்த நேரத்தில் எவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மழைக்காலத்திலும் வலையில் மீன் விழும், இன்னும் அதிகமாகவே விழும். ஏரியில் பாடு எடுத்தே பழகியவர்களுக்கு மழை என்றால் வரும்படி. மழையில் காலியாகப் போகிற பாடு ஒன்று உண்டு என்று எவன் கண்டான்?

ஐப்பசி பிறந்தது, வானம் மூடிக்கொண்டது. முதல் நாலு நாள் நம் வாசலில் லைட்டு எரிந்தது. அதன்பிறகு மினுக்கும், மஞ்சளாகும், அடங்கும். பாட்டரி என்ன செய்கிறது என்று கேட்டேன். "பகல்ல ஊத்துல மொண்டு கொடத்துல ஊத்தி வைக்கற மாதிரிமா. இப்ப ஊத்து சுரக்கல" என்றாய். மழைக்காலத்தில்தானே ஊற்று நன்றாகச் சுரக்கும் என்று கேட்டதற்கு உனக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. கார்த்திகையில் ஒரு சாயங்காலம். நம் வரிசைப் பெண்கள் எல்லோரும் நம் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் ஏதோ கொஞ்சம் வெயில் அடித்து லைட்டு நேராக எரிந்தது. நான் ராணி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து கம்பியைக் கழற்றினாய்.

"டேய், இன்னாடா பண்ற? இப்பதானே போட்ட?"

"பாட்டரி எறங்கிட்சிமா. தொறைல எரியணும். படகு இன்னும் வரணும், நைனாகூட வரல."

"உங்க அத்தை வூட்டு முறையிலயும் இப்படித்தான் வந்து புடுங்குவியா?"

"மழை பேஞ்சா புடுங்குவேன்."

"அவளுக்கு ஏன்டா மழை பேயப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நீ செய்தது நியாயம்தான். அன்றைக்கு உன் நைனா துறை விளக்கைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தார், அதையும் அவரே என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். இருட்டில் உரித்த இறாலில் பாதி ஓட்டோடு போய், பழவேற்காட்டுக் கடை பாய் விலையைக் குறைத்ததுதான் மிச்சம்.

தை பிறந்ததும் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. லைட்டு எதிர் வரிசைக்குப் போனது. என்ன வெளிச்சம்! நம் வாசலில் உட்கார்ந்தால் தேசம்மா வாசலில் கிடக்கிற செதிலைக்கூட எண்ணலாம். அவள் வரிசைப் பெண்கள் வலை பின்னுகிறார்கள், தாயம் ஆடுகிறார்கள், மல்லிகா வாரப்பத்திரிகையிலிருந்து தொடர்கதையைச் சத்தமாகப் படிக்கிறாள், கிழவிகள் உச்சுக்கொட்டுகிறார்கள். நம் வீட்டில் சிம்னி. கதை எனக்கும் கேட்கும். நல்ல கட்டம் வரும்போது காற்று திசை மாறிவிடும். மீதியைக் கேட்க அங்கே போக என் கால் எழவில்லை. லைட்டை ஆறரைக்குப் போட்டு ஒன்பதுக்கு அணைப்பது உன் வேலை. போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போகலாம் அல்லவா? நீயோ, ஏன் போக வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்தாய். மாசி பிறந்ததும் உன் சாப்பாடும் அங்கேயே ஆயிற்று. "அத்தை விடலமா" என்பாய். நான் உனக்காக எடுத்து வைத்த மீனை மறுநாள் காலையில் நானே பழஞ்சோற்றில் போட்டுத் தின்பேன்.

மறு வருஷம் ஐப்பசி வந்தது. மறுபடி நம் வரிசை. மறுபடி மழை. அன்றைக்குத்தான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு வரிசை, வரிசைக்கு மூன்று மாதம், சரியாக ஒரு வருஷம். சூரியன் எத்தனை முறை சுற்றி வந்தாலும் நமக்கு மழை, அவளுக்குத் தை! ஏரிப் பாட்டை இம்மி பிசகாமல் பிரிக்கிற நம் பெரியவர்களின் மூளை இதில் தூங்கிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை, பின்னால் உட்கார்ந்து கேட்பதோடு சரி. நான் எழுந்து நின்றேன். "எங்க வரிசை வாழ்நாள் பூரா இருட்டுல கெடக்கணுமா? எவன்யா போட்டான் இந்தக் கணக்கு?" என்று கேட்டேன். உன் நைனா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நாட்டாமை கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்குள் எண்ணினார், பிறகு சிரித்துவிட்டார். "பொம்பள சொல்றது சரிதான்பா" என்றார். அப்போது நீதான் எழுந்து, மூன்று மாதத்தை விட்டுவிட்டு அமாவாசைக்கு அமாவாசை வரிசை மாற்றலாம், அப்படிச் செய்தால் மழையும் வெயிலும் எல்லோருக்கும் வரும் என்றாய். ஏற்றுக்கொண்டு புதிதாகச் சீட்டுப் போட்டார்கள், தை நமக்கு விழுந்தது. நான் ஜெயித்தேன். அந்தத் தையில் நம் வாசலில் வெள்ளை வெளேரென்று லைட்டு எரிந்தது. நீ வந்து போட்டாய். போட்டுவிட்டு நேராக எதிர் வரிசைக்கு நடந்தாய். அங்கே சிம்னி வெளிச்சத்தில் மல்லிகா கதை படித்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் அவள் முகம்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. உனக்குத் தெரிந்தது போலிருக்கிறது.

மல்லிகாமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முறைப்பெண், நல்ல பெண், சிரித்தால் வீடு நிறையும். கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒரே ஒரு புத்திதான் இருக்கிறது. நியாயத்தை எல்லாம் கோயில் பக்கத்துக் கம்பத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் வா. ஊருக்குச் சமமாகக் கொடு, அவளுக்குக் கொஞ்சம் கூடக் கொடு. மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒரு நல்ல மீனை அவள் தட்டில் தள்ளு. அவள் சொன்னது தப்பாகவே இருந்தாலும் நாலு பேர் முன்னால் அவள் பக்கம் நில். பெண்ணுக்கு ஓரவஞ்சனை வேண்டும், அவளுக்கு மட்டும் என்று ஏதாவது வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் கார்த்திகைச் சாயங்காலம் இன்னும் கால்மணி நேரம் லைட்டை விட்டிருந்தால் நான் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பேன். படகு வரட்டும், நைனா வரட்டும், எல்லாம் சரி. ஒரு தடவை எனக்காகத் தப்பு செய்திருக்கலாம்.

இனி நீ மெட்ராஸ் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை தேசம்மா நம் வீட்டுக்கு வந்தாள். தாம்பூலம் மாற்றியதிலிருந்து ஒரு வாரமாக நான் அவளோடு பேசவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை கேட்டவளிடம் பேச என்ன இருக்கிறது? வந்தவள் உட்காரவில்லை, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே உன் நைனா படுத்தபடி ரேடியோவோடு வாதாடிக்கொண்டிருந்தார். உன் தம்பியும் தங்கையும் ஒரு சீப்புக்காக அடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு பேரையும் கரண்டியைக் காட்டி மிரட்டிக்கொண்டிருந்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னப் பாத்தா எனக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல்தான் அண்ணி" என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். "என்னப் பாத்தா? இன்னாத்துக்கு?" என்றேன்.

"சிம்னி இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரில. ரெண்டு பேர் கீறமா, நாலு பேர் கீறமானு இருட்டுல இன்னா தெரியும்? லைட்டு போட்டாங்களே, அப்பதான் வூடு எவ்ளோ காலியா கீதுனு பாத்தேன். எல்லாரும் எழுந்து போனப்புறம் நானும் பொண்ணும் அந்த வெளிச்சத்துல உக்காந்துக்கினு இருப்போம். அதனாலதான் உன் புள்ளைய சாப்ட்டுட்டுப் போடானு புடிச்சி வைப்பேன். எங்க வூட்டுக்குப் பாடும் இல்ல, கூட்டத்துல பேரும் இல்ல. இவளும் போய்ட்டா அப்புறம் நான்தான்." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவள் போனதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இத்தனை வருஷமாக நான் மட்டும்தான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் எரிந்திருக்கிறாள்! என்னைப் பார்த்து! அன்று முழுக்க மிதப்பாகவே திரிந்தேன், உன் நைனாவுக்கு இரண்டு தரம் டீ போட்டுக் கொடுத்தேன், அவர் பயந்துபோய் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மறுநாள் காலையில் மீன் கூடையோடு அவள் வாசலைக் கடக்கும்போதுதான் யோசித்துப் பார்த்தேன். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது என்பது நம் ஊர்ச் சட்டம். உன் பெயர் அவள் வீட்டில் விழுந்தால் அந்த வீட்டுக்கு மறுபடி ஏரியில் ஓர் இடம் வரும். உன் பெயர் நம் வீட்டில் விழுந்தால் இங்கே ஏற்கெனவே இருக்கிற கூச்சலில் இன்னும் ஒரு குரல் சேரும். இது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் பொறாமை குறைந்துவிட்டது என்று நினைக்காதே, ஒரு பிடிகூடக் குறையவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். கூட்டத்தில் எழுந்து அத்தை வீடு என்று சொல். முணுமுணுக்காதே, பின்வரிசை வரைக்கும் கேட்கும்படி சொல். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். என் பக்கம் திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் நான் எழுந்து வேறு எதையாவது சொல்லிவிடுவேன். என் பிள்ளையை நான்தான் கொடுத்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்வேன், அதை நீ தடுக்கக் கூடாது. அவள் உன்னை நன்றாக வைத்துக்கொள்வாள். உனக்குப் பிடித்த கறியை எடுத்து வைப்பாள், நீ வர நேரமானால் வாசலில் நிற்பாள், உனக்குக் காய்ச்சல் வந்தால் உட்கார்ந்தபடியே விடிய வைப்பாள். எல்லாம் நான் செய்ததுதான், இனி அவள் செய்யட்டும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். எத்தனை வருஷம் ஆனாலும், அவள் எத்தனை ஆசையாக உன் முகத்தைப் பார்த்தாலும், அவளை அத்தை என்றே கூப்பிடு. என்னைக் கூப்பிடுகிற பெயரை அங்கே வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அம்மா